பிடித்த தூசியை எங்கே வைப்பது? நிலத்தடிச் சுரங்கத்தின் புகையும் மூடுவிழாவும்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகர் யெல்லோநைஃப். சுமார் 20,000 பேர் வசிக்கும் சின்ன ஊர். அந்த ஊர் எல்லைக்குள்ளேயே, பாறைக்கு அடியில், 2,37,000 டன் ஆர்செனிக் ட்ரையாக்சைடு தூள் கிடக்கிறது. சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதே சரக்கு. பார்த்தால் மாவு மாதிரி வெள்ளை. மணம் கிடையாது, சுவை கிடையாது, தண்ணீரில் கரையும். ஒரு மனிதரைக் கொல்லச் சில நூறு மில்லிகிராம் போதும்.

இதை யாரும் வெளியிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிவிடவில்லை. ஜயன்ட் என்ற தங்கச் சுரங்கத்தின் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போயிருக்க வேண்டிய தூசி இது. போகவிடாமல் பிடித்தார்கள். பிடித்ததை நிலத்துக்கடியில் சேர்த்து வைத்தார்கள். காற்று மாசைக் குறைத்த கணக்கில் மட்டும் பார்த்தால் இது வெற்றிதான். சுரங்கத்தை மூட வேண்டிய நாள் வந்தபோது அந்த வெற்றிக்கு யார் காவல் இருப்பது என்ற கேள்வி எழுந்தது. இன்றுவரை கனடா அரசு அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

நிலத்தடிச் சுரங்கத்தில் காற்று மாசைக் கட்டுப்படுத்துவது ஒரு பாடம், சுரங்கத்தை மூடத் திட்டமிடுவது வேறு பாடம் என்றுதான் வழக்கமாகப் பிரித்து எழுதுவார்கள். ஒன்றைச் சுற்றுச்சூழல் பிரிவு பார்க்கும், மற்றது கடைசி இரண்டு வருடங்களில் யாரோ ஒரு ஆலோசகர் எழுதித் தரும் கோப்பு. அப்படிப் பிரித்ததால் வந்த வினையை விளக்க ஜயன்ட் சுரங்கத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதை வைத்தே இந்தக் கட்டுரை.

உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று

முதலில் அடிப்படை. நிலத்தடிச் சுரங்கம் மூச்சுவிட வேண்டும். ஒரு குழி வழியாக நல்ல காற்று இறங்கும், இன்னொரு குழி வழியாகக் கெட்ட காற்று ஏறும். இடையில் பெரிய விசிறிகள் இருக்கும். எந்தச் சுரங்கப்பாதைக்கு எவ்வளவு காற்று என்பதைக் கதவுகளும் தடுப்புச் சுவர்களும் தீர்மானிக்கும். சுரங்கம் ஆழமாகப் போகப் போக இந்த விசிறிகளின் மின்கட்டணமே நிர்வாகத்தின் தூக்கத்தைக் கெடுக்கும்.

மேலே வரும் கெட்ட காற்றில் என்னென்ன இருக்கும்? பாறையை வெடி வைத்துத் தகர்க்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கும். அதனால்தான் வெடி வைத்த பிறகு காற்று தெளியும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். டீசல் வண்டிகளின் புகையும் கரித்துகளும் இருக்கும். துளையிடும்போதும் பாறையை அள்ளிக் கொட்டும்போதும் கிளம்பும் தூசி இருக்கும். அந்தத் தூசியில் சிலிக்கா இருந்தால் தொழிலாளியின் நுரையீரலுக்கு அது எமன். நிலக்கரிச் சுரங்கமானால் மீத்தேனும் சேர்ந்துகொள்ளும். காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை மீத்தேன் கலந்தால் ஒரு தீப்பொறியே போதும்.

இவற்றுக்கான மருந்துகளும் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தவை. துளையிடும் கருவிக்குள்ளேயே தண்ணீரைச் செலுத்தித் தூசியை ஈரமாக்குவது, தாது கொட்டும் இடங்களில் நீர் தெளிப்பது, டீசல் எஞ்சினுக்கு வடிகட்டி பொருத்துவது, முடிந்தால் டீசலையே விட்டுவிட்டு பேட்டரி வண்டிக்கு மாறுவது. ஒன்டாரியோ மாநிலத்தில் 2019-இல் உற்பத்தியைத் தொடங்கிய போர்டன் சுரங்கம் நிலத்தடியில் பேட்டரி வண்டிகளை நம்பியே வடிவமைக்கப்பட்டது. டீசல் புகை குறைந்தால் விசிறியின் வேலையும் குறைகிறது என்பதுதான் அதன் கணக்கு.

இங்கே ஒரு விஷயத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடுவதுண்டு. உலோகச் சுரங்கங்களில் மிக மோசமான புகை பெரும்பாலும் குழியிலிருந்து வருவதில்லை. தாதுவை மேலே கொண்டுவந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையிலிருந்து வருகிறது. நிலத்தடிச் சுரங்கத்தின் மாசு என்று சொல்லும்போது அந்த ஆலையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஜயன்ட் சுரங்கத்தின் கதை முழுக்க முழுக்க அந்த ஆலையில்தான் ஆரம்பிக்கிறது.

தங்கத்துக்காக வறுத்த பாறை

யெல்லோநைஃபின் தங்கம் சுலபமாகக் கிடைக்கும் தங்கமல்ல. ஆர்செனோபைரைட் என்ற கனிமத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக அது சிறைப்பட்டிருந்தது. இரும்பு, ஆர்செனிக், கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம் அது. அப்படியே பொடித்துச் சயனைடு கரைசலில் போட்டால் தங்கத்தைக் கரைசல் எட்டவே எட்டாது. அதனால் முதலில் தாதுவை உயர் வெப்பத்தில் வறுத்தார்கள். வறுத்தால் கந்தகம் கந்தக டைஆக்சைடாகவும், ஆர்செனிக் ஆர்செனிக் ட்ரையாக்சைடு ஆவியாகவும் பறந்துவிடும். மிஞ்சுவது துளைகள் நிறைந்த இரும்பு ஆக்சைடு. அதன் வழியே சயனைடு புகுந்து தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வரும்.

பறந்துபோன ஆர்செனிக் ஆவி குளிர்ந்ததும் மிக நுண்ணிய வெள்ளைத் தூளாகிறது. 1948-இல் தங்க உற்பத்தி தொடங்கியது, 1949-இல் வறுக்கும் உலை ஓடத் தொடங்கியது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் புகைபோக்கியில் எந்தத் தடுப்பும் கிடையாது. ஒரு நாளைக்கு ஏழு டன்னுக்கும் மேல் ஆர்செனிக் தூள் ஊரின்மேலும் ஏரிகளின்மேலும் இறங்கியது. வருடத்தில் பாதிக்கு மேல் பனி மூடிய பிரதேசம். வெள்ளைப் பனியில் வெள்ளைத் தூள் விழுந்தால் யாருக்குத் தெரியும்? அங்கே காலங்காலமாக வாழும் யெல்லோநைவ்ஸ் டெனே மக்கள் பனியை உருக்கித்தான் குடிநீர் எடுப்பார்கள். 1951-இல் லாதம் தீவில் டெனே குழந்தை ஒன்று ஆர்செனிக் நஞ்சேறி இறந்தது. நிறுவனம் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தது 750 டாலர்.

அதே 1951-இல்தான் புகைபோக்கிக்கு முதல் தடுப்பு வந்தது. மின்னழுத்தத்தால் தூசியைப் பிடிக்கும் கருவி அது. நம் அனல்மின் நிலையங்களில் இ.எஸ்.பி. என்று சொல்வார்கள். 1900-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இந்த முறையை உருவாக்கியவர் ஃப்ரெடரிக் காட்ரெல். அதனால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு அது வெறும் ‘காட்ரெல்’. உள்ளே உயர் மின்னழுத்தக் கம்பிகள் தொங்கும். அவற்றைக் கடக்கும் தூசித்துகள்கள் மின்னூட்டம் பெற்று எதிரே உள்ள தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது தகட்டைத் தட்டிக் கீழே உதிர்ப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாயு எந்தச் சூட்டில் இருக்கும்போது பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து எதைப் பிடிக்கிறோம் என்பதே மாறும். சூடாக இருக்கையில் ஆர்செனிக் ஆவியாகவே இருக்கும், காட்ரெலில் சிக்காது. தங்கம் கலந்த திடத் தூசி மட்டும் சிக்கும். குளிர்ந்த பிறகுதான் ஆர்செனிக் தூளாகிப் பிடிபடும். ஜயன்ட் ஆலையில் 1950-களில் இதைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள். முதலில் சூடான காட்ரெல், அதில் விலையுள்ள தூசி நின்றுவிடும். பிறகு குளிர்ந்த காற்றைக் கலந்து வாயுவின் சூட்டைக் குறைப்பார்கள். 1958-இல் அதற்கடுத்து பேக்ஹவுஸ் வந்தது. வரிசை வரிசையாகத் துணிப்பைகள் தொங்கும் பெரிய கூடம் அது. வாயு துணியைத் தாண்டிப் போகும், ஆர்செனிக் தூள் துணியில் தங்கும். அதன் பிறகு புகைபோக்கியிலிருந்து வந்த ஆர்செனிக்கின் அளவு மளமளவென்று சரிந்தது.

நேர்மையாகச் சொன்னால் இது நல்ல பொறியியல். தாமதமாக வந்த நல்ல பொறியியல். சுரங்கத்தின் வாழ்நாள் முழுக்கக் காற்றில் கலந்த ஆர்செனிக் ட்ரையாக்சைடு 20,000 டன்னுக்கும் மேல் இருக்கும், அதில் பெரும்பகுதி இந்த ஆரம்ப ஆண்டுகளில் போனதுதான். 1960-களின் இறுதியில் ஊருக்கான குடிநீரைக் கிரேட் ஸ்லேவ் ஏரியின் விரிகுடாவிலிருந்து எடுப்பதை விட்டு, யெல்லோநைஃப் ஆற்றிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். உலை அணைந்து பல ஆண்டுகளான பிறகும் சுற்றியுள்ள சில சிறு ஏரிகளில் குடிக்காதீர்கள், குளிக்காதீர்கள், மீன் பிடித்துத் தின்னாதீர்கள் என்று பிரதேசச் சுகாதாரத் துறை எச்சரிக்கிறது.

பிடித்தாயிற்று, இனி?

பேக்ஹவுஸில் நாள்தோறும் டன் கணக்கில் தூள் சேர்ந்தது. விற்கலாமா என்று பார்த்தார்கள். பூச்சிக்கொல்லிக்கும் மரம் பதப்படுத்தவும் ஆர்செனிக் பயன்பட்ட காலம்தான், ஆனால் இவ்வளவு சரக்கை வாங்க ஆளில்லை. தரையில் குவித்தால் காற்றும் மழையும் கொண்டுபோகும். கடைசியில் வசதியாகத் தெரிந்த இடம் காலடியில் இருந்தது. தூளைக் குழாய் வழியாகக் காற்றழுத்தத்தால் ஊதிப் பாறைக்குள் அனுப்பினார்கள். சில அறைகளை இதற்கென்றே குடைந்தார்கள், சில ஏற்கனவே தாது எடுத்து முடித்த வெறும் குகைகள். நிறைந்ததும் வாயில்களைக் கான்கிரீட் சுவரால் அடைத்தார்கள். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட அறைகள்.

அன்றைய பொறியாளர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அறை உறுதியான பாறையில் இருக்க வேண்டும், உலர்ந்திருக்க வேண்டும், நிரந்தர உறைநிலத்துக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். யெல்லோநைஃபில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணும் பாறையும் திட்டுத் திட்டாக உண்டு. உறைந்த பாறைக்குள் தண்ணீர் ஓடாது. தண்ணீர் ஓடாவிட்டால் தூள் கரையாது. தர்க்கம் சரிதான்.

தப்பு அடுத்த கட்டத்தில் நடந்தது. சுரங்கம் என்பது நிலத்தடியில் சூட்டைக் கிளப்பும் தொழில். பாறைக்குள் வேலை நடக்கிறது, வெளிக்காற்று புகுகிறது. 1970-களில் அதே இடத்தில் மேலிருந்து திறந்தவெளிக் குழிகளையும் வெட்டினார்கள். மேல்மண் போயிற்று, நீர் உள்ளே இறங்க வழி பிறந்தது, உறைநிலம் இளகியது. எந்தக் காவலை நம்பி நஞ்சை வைத்தார்களோ அந்தக் காவலைத் தங்கள் கையாலேயே கரைத்துவிட்டார்கள். ஆர்செனிக் அறைகளைத் திட்டமிட்டவரும் திறந்தவெளிக் குழியைத் திட்டமிட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இந்தத் தூள் 2050-இல் எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது பேசியிருந்தால் வேறு முடிவு எடுத்திருக்கக்கூடும். அந்த மேசைக்குத்தான் இன்று மூடல் திட்டம் என்று பெயர்.

அதே ஊரின் மறுமுனையில் இருந்த கான் சுரங்கம் பிற்காலத்தில் வேறு வழியில் போனது. 1990-களில் அங்கே ஆட்டோகிளேவ் வைத்தார்கள். உயர் அழுத்தத்தில், ஆக்சிஜன் செலுத்தி, தண்ணீரோடு சேர்த்தே தாதுவை ஆக்சிஜனேற்றம் செய்யும் கலன் அது. அதில் ஆர்செனிக் ஆவியாகவே ஆவதில்லை. இரும்போடு சேர்ந்து, எளிதில் கரையாத திடப்பொருளாகிவிடுகிறது. புகையைப் பிடிக்கும் பை எவ்வளவு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கழிவு எந்த வடிவத்தில் பிறக்கப்போகிறது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. கரையும் தூளாகப் பிறந்தால் அதற்குக் காவல் காக்க வேண்டும். கரையாத திடமாகப் பிறந்தால் காவலின் சுமை வெகுவாகக் குறையும்.

மூடுவது என்றால் என்ன

ஒரு சுரங்கத்தை மூடுவது என்றால் வாயிலில் பூட்டுப் போடுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது பல வருட வேலை. குழிகளை யாரும் விழாதபடி அடைக்க வேண்டும். மேற்பரப்புக்கு அருகில் வெற்றிடம் இருந்தால் ஒரு நாள் நிலம் உள்வாங்கும், அதனால் அவற்றை நிரப்ப வேண்டும். ஆலையை இடிக்க வேண்டும். ஜயன்ட் சுரங்கத்தின் வறுக்கும் உலைக் கட்டடங்களில் சுவரெங்கும் ஆர்செனிக் படிந்திருந்ததால், முழுக் காப்புடை அணிந்தவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தெடுத்துப் பொதிகளாகக் கட்டினார்கள். 2013-இலும் 2014-இலும் நடந்த வேலை அது.

தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் அரைத்த மணல் சேறு இன்னொரு பெரிய பொறுப்பு. டெயிலிங்ஸ் என்பார்கள். ஜயன்ட் சுரங்கத்தில் அது ஒரு கோடி டன்னுக்கும் மேல் குளங்களாகத் தேங்கிக் கிடக்கிறது. காய்ந்தால் காற்றில் பறக்கும். சுரங்கம் ஓடும்போது ஈரமாகவே வைத்திருப்பார்கள். மூடிய பிறகு ஈரப்படுத்த ஆளிருக்காது, எனவே பாறையும் மண்ணும் போட்டு மூடியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது தண்ணீர். சுரங்கம் நடக்கும்வரை பம்புகள் இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் நீர் மட்டம் ஏறும், ஆர்செனிக் அறைகளைத் தொடும். தொட்டால் அந்த நஞ்சு பேக்கர் ஓடை வழியாகக் கிரேட் ஸ்லேவ் ஏரிக்குப் போகும். ஆகவே உற்பத்தி நின்ற பிறகும் பம்பு நிற்கவில்லை. இறைத்த நீரைச் சுத்திகரித்துத்தான் வெளியே விடுகிறார்கள். எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்டால், முடிவு தேதி இல்லாத வேலை என்பதுதான் பதில். சுரங்கத் துறையில் இதை நிரந்தரப் பராமரிப்பு என்கிறார்கள். மூடிய சுரங்கங்களில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று என்னைக் கேட்டால் இந்த இரண்டு சொற்களைத்தான் காட்டுவேன்.

பாறையை மறுபடி உறைய வைத்தல்

தூளை என்ன செய்வது? வெளியே எடுத்துப் பதப்படுத்தலாம், அங்கேயே வைத்துப் பூட்டலாம், இன்னும் ஆழத்துக்கு அனுப்பலாம் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வழிகளை அலசினார்கள். வெளியே எடுப்பதில் அபாயம் எடுப்பவருக்கு. நுண்ணிய நஞ்சுத் தூளை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் தோண்டி மேலே கொண்டுவர வேண்டும், அது மறுபடி காற்று மாசுப் பிரச்சினையாகிவிடும். கடைசியில் அங்கேயே விட்டு, சுற்றியுள்ள பாறையோடு சேர்த்து மறுபடியும் உறைய வைப்பது என்று முடிவாயிற்று. இளக்கியது மனிதக் கை, உறைய வைப்பதும் அதே கை.

இதற்குப் பயன்படும் கருவிக்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். மின்சாரம் வேண்டாம், பம்பு வேண்டாம். பாறைக்குள் ஆழமாக இறங்கும் ஒரு மூடிய குழாய், அதற்குள் அழுத்தத்தில் அடைத்த கார்பன் டைஆக்சைடு. கீழே பாறையின் வெப்பம் பட்டால் திரவ கார்பன் டைஆக்சைடு கொதித்து வாயுவாகி மேலே ஏறும். மேல் முனையில் இறக்கைத் தகடுகள் இருக்கும், வடதுருவக் குளிர்காற்று அதன்மேல் வீசும். வாயு வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிக் குழாயின் சுவரோடு வழிந்து கீழே இறங்கும். இட்லிப் பானையில் ஆவி ஏறி மூடியில் பட்டுத் துளியாகித் திரும்பச் சொட்டுகிறதே, அதே சுற்று. வெளிக்காற்று பாறையைவிடக் குளிராக இருக்கும் மாதங்களில் மட்டும் இது ஓடும். கோடையில் தானாகவே நின்றுவிடும், வெப்பம் திரும்ப உள்ளே போகாது. ஆர்செனிக் அறைகளைச் சுற்றி இத்தகைய குழாய்களை நூற்றுக்கணக்கில் இறக்குவதுதான் திட்டம். 2011-இல் ஓர் அறையைச் சுற்றிச் சோதனை நடந்தது, பாறை எதிர்பார்த்தபடி உறைந்தது. முழு அளவிலான சீரமைப்பு 2021-இல் தொடங்கியது.

இதை எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. டெனே மக்கள், நகரவாசிகள், ஆய்வாளர்கள் என்று பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். பூமி சூடேறிக்கொண்டிருக்கும் காலத்தில் குளிரை நம்பி நஞ்சை வைக்கலாமா? சுற்றுச்சூழல் மதிப்பீட்டை நடத்திய மெக்கன்சி பள்ளத்தாக்கு மறுஆய்வு வாரியம் 2013-இல் தந்த அறிக்கை எனக்கு இந்த விவகாரத்திலேயே பிடித்த ஆவணம். உறைய வைப்பதை அது நிரந்தரத் தீர்வாக ஏற்கவில்லை. அதிகபட்சம் 100 ஆண்டு என்று வரம்பு போட்டது. 20 ஆண்டுக்கொரு முறை திட்டத்தை முழுதாக மறுபரிசீலனை செய்ய வேண்டும், இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்று தொடர்ந்து ஆராய வேண்டும், அரசைச் சாராத கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வைத்தது. ஜயன்ட் சுரங்க மேற்பார்வை வாரியம் அப்படிப் பிறந்ததுதான். தூளைக் கண்ணாடிக்குள் உருக்கிப் பூட்டுவது போன்ற யோசனைகள் இன்று ஆராயப்படுகின்றன. நமக்கே விடை தெரியாதபோது நூறு வருடத்துக்கு மேல் வாக்குக் கொடுக்காதே என்று ஓர் அரசு அமைப்பு சொன்னது அபூர்வம்.

பணம் யாருடையது

தன் வாழ்நாளில் இந்தச் சுரங்கம் 70 லட்சம் அவுன்ஸுக்கு மேல், அதாவது 200 டன்னுக்கும் அதிகமான தங்கம் தந்தது. உரிமையாளர்கள் கைமாறிக்கொண்டே வந்தார்கள். அவர்களில் ஒருவரான ராயல் ஓக் மைன்ஸ் நிறுவனம் 1999-இல் திவாலானது. சுரங்கத்தை மூடத் தேவையான பணம் எங்கும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. பொறுப்பு மத்திய அரசின் தலையில் விழுந்தது. 2022-இல் வெளியான மதிப்பீட்டின்படி செலவு 438 கோடி கனேடிய டாலர். நம் பணத்தில் 26,000 கோடி ரூபாய்க்கு மேல். லாபம் எடுத்தவர் யார், செலவழிப்பவர் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது அதே பிரதேசத்தில் புதிதாகச் சுரங்கம் தொடங்க வந்தால், மூடும் செலவுக்கான பிணைத்தொகையை முன்கூட்டியே அரசிடம் கட்ட வேண்டும். நிறுவனம் நாளைக்கே ஓடிப்போனால் வேறொரு ஒப்பந்தக்காரரை வைத்து மூட எவ்வளவு ஆகும் என்பதே கணக்கின் அடிப்படை. ரீக்ளெயிம் என்ற கணக்கீட்டு முறை இதற்கென்றே இருக்கிறது. வேலை நடக்க நடக்க, மூடிய பகுதிக்கு ஏற்ப பிணைத்தொகையும் திரும்பக் கிடைக்கும். அதனால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் வழியிலேயே சீரமைத்துக்கொண்டு போக நிறுவனத்துக்கும் ஆசை வரும். ஜயன்ட் சுரங்கம் திறந்தபோது இது இருந்திருந்தால், ஒவ்வொரு டன் ஆர்செனிக் தூள் பைக்குள் விழும்போதும் பிணைத்தொகை ஏறியிருக்கும். ஆட்டோகிளேவ் விலை அப்போது அவ்வளவு அதிகமாகத் தெரிந்திருக்காது.

இந்தியாவில்

நம் நாட்டில் மூடல் திட்டம் சட்டக் கட்டாயமானது 2003-இல், கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின் திருத்தம் வழியாக. சுரங்கம் நடக்கும்போதே படிப்படியாகச் செய்ய வேண்டியதற்கு ஒரு திட்டம், இறுதி மூடலுக்கு இன்னொரு திட்டம் என இரண்டு வேண்டும். நிதி உத்தரவாதமும் உண்டு. 2021 திருத்தத்துக்குப் பிறகு இயந்திரமயமான பெரிய சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய். இந்தக் கணக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பயன்படுத்தும் நிலப்பரப்பை வைத்துத் தொகை நிர்ணயிப்பது திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் பொருந்தலாம். நிலத்தடிச் சுரங்கம் மேலே கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டு கீழே கிலோமீட்டர் கணக்கில் பரவும். அதன் ஆபத்து பரப்பில் இல்லை, அது விட்டுப்போகும் பொருளின் தன்மையில் இருக்கிறது. ஜயன்ட் சுரங்கத்தின் ஆர்செனிக்கை எந்த ஹெக்டேரில் எழுதுவது?

2003 என்ற ஆண்டைக் கேட்டதும் கோலார்காரர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். கோலார் தங்க வயல் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28 அன்று. விதி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியதிலிருந்து வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். மூடிய பிறகு பம்புகள் நின்றன, நீர் ஏறியது. ஊருக்கு நடுவே சயனைடு மலைகள் நின்றன. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மணல்தான் அது. 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன். பெயரில் இருக்கும் சயனைடு வெயிலில் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாதது சிலிக்கா நிறைந்த மாவு மணல். காற்றுக் காலத்தில் அது குடியிருப்புகளுக்குள் புகுந்து சோற்றிலும் படுக்கையிலும் படிவதை அங்கே வளர்ந்தவர்கள் யாரும் சொல்வார்கள்.

யெல்லோநைஃபில் புகையைக் கட்டுப்படுத்தியதன் மிச்சம் மூடலின்போது பிரச்சினையாக வந்து நின்றது. கோலாரில் திட்டமில்லாமல் மூடியது காற்று மாசாகத் திரும்பி வந்தது. உற்பத்தி நின்ற சுரங்கத்துக்குப் புகைபோக்கி இருக்காது, ஆனால் மாசு வெளியேற்றம் இருக்கும். மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலும் இப்படித்தான், நீர் நிரம்பும்வரை மீத்தேன் பழைய குழிகள் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

கோலார் மேடுகளில் இன்னும் சொற்பத் தங்கம் இருக்கிறது. 2024 ஜூனில் அந்த 13 மேடுகளையும் மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலைவாய்ப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. ஒரு டன் மணலில் கிடைக்கப்போவது ஒரு கிராமைச் சுற்றிய அளவுதான் என்பதால், தோண்டும் மணலில் ஏறக்குறைய முழுவதும் மறுபடி எங்காவது கொட்டப்பட வேண்டும். தோண்டும்போது கிளம்பும் தூசிக்கு என்ன ஏற்பாடு, இரண்டாவது முறை கொட்டும் இடம் எது, அதை எதைப் போட்டு மூடுவார்கள் என்ற மூன்றுக்கும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பதில் வாங்க முடியும்.

வாங்கும் வழியும் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும்போது, மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அந்தச் சுருக்கத்தில் காற்று மாசு பற்றிய பக்கம் எப்போதும் இருக்கும்: இத்தனை வடிகட்டி, இத்தனை சதவீதம் பிடிக்கும் என்று. பிடித்த தூசி தினமும் எத்தனை டன், அது தண்ணீரில் கரையுமா, சுரங்கம் மூடும் ஆண்டில் அது எங்கே இருக்கும் என்பது அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் எழுந்து கேட்டு, கேட்டதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு கூட்ட முடிவில் வாசிக்கப்பட்டு, அனுமதி தரும் அதிகார அமைப்புக்கு அனுப்பப்படுகிறது.